பொட்டில்லாமல் எதையும் விடாதவர்

எந்தப் பொருளுக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கார அக்காவுக்குத் தெரியும். கேஸ் சிலிண்டருக்குக் கைப்பிடி வளையத்துக்குச் சற்றுக் கீழே. ஃப்ரிட்ஜுக்குக் கதவின் மேல் ஓரம். தண்ணீர் மோட்டாருக்கு முன்பக்க வட்டத்தின் நடுவில். ஈபி மீட்டர் பெட்டி முழுக்க முகம்தான், அதற்குத் தனியாக நெற்றி கிடையாது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அதனால் அதற்கு மூடியின் மேலே ஒன்று, கீழே ஒன்று. அரிவாள்மணை, மாடிப்படிக் கைப்பிடி, வாடகை அறைகளின் பூட்டு என்று எதைப் பார்த்தாலும் விரல் அகலத்துக்குச் சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சந்தனம் குழைத்த கிண்ணத்தோடு கிளம்பினார் என்றால் அந்த வீட்டில் எதுவும் தப்பாது.

இரண்டு மட்டும் தப்பும். ஒன்று அவருடைய நெற்றி. மற்றது, வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தி வைத்திருந்த பழைய மொபெட். முதலாவதன் காரணம் சொல்லாமலே புரிந்தது. அவருடைய கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டாவதன் காரணம் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

எதிர்வீட்டு அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. புருஷன் இல்லாதவள் குங்குமக் கிண்ணத்தோடு வீடு முழுக்கச் சுற்றுவது நன்றாகவா இருக்கிறது என்று வாசலில் நின்று காதில் விழும்படி சொல்வார். அக்கா கோலப்பொடி டப்பாவை மூடியபடியே பதில் சொல்வார்: "எனக்குத்தான் வெச்சிக்கக் கூடாது. சிலிண்டருக்கு வெக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? அது இன்னா, தாலி அறுத்துட்டா நிக்குது?"

அந்த வீடு திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருந்தது. ஆசிரமத்துக்கு வந்து தங்குகிறவர்களை நம்பிக் கட்டிய வீடு. கீழே அக்கா. அவருக்குப் பக்கத்து அறையில் யாராவது ஒரு வெளிநாட்டுக்காரர் சில மாதம் இருந்துவிட்டுப் போவார். மாடியில் இருந்த ஒற்றை அறை எனக்கு. நான் அப்போது சென்னையில் வேலை பறிபோய் ஊர் திரும்பியிருந்தேன். போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. எங்கள் பிரிவையே ஒருநாள் காலையில் இழுத்து மூடிவிட்டார்கள். எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டில் சிக்னல் கிடைக்காது, கிணற்று மேட்டில் ஏறி நின்றால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து ஒரு கோடு வரும். வேலை தேட வேண்டும் என்று அம்மாவிடம் மன்றாடித்தான் திருவண்ணாமலையில் அறை எடுத்தேன். அம்மா ஒரு கெடு வைத்துத்தான் அனுப்பினார். கார்த்திகை தீபத்துக்குள் வேலை கிடைக்கவில்லை என்றால் பேசாமல் வீட்டுக்கு வந்து, அவர்கள் பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று அவர் வீட்டில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். 

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "லேப்டாப்தான் உனக்கு எல்லாமேன்னு சொல்லு" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப ஆயுத பூசைக்கு அதயும் கொண்டாந்து வெய்யி."

ஆயுத பூஜை அன்று கூடத்தில் வாழையிலை போட்டு, பொரி கடலை, ஆப்பிள், சுண்டல் எல்லாம் பரப்பி, வீட்டிலிருந்த அத்தனை சாமானையும் வரிசையாக வைத்திருந்தார். பக்கத்து அறை வெள்ளைக்காரர் தன் வாடகை சைக்கிளைத் தானே கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம், சைக்கிள் மணிக்கு ஒரு பொட்டு, ஹேண்டில்பாருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று கேட்டு வாங்கிக்கொண்டார். என் லேப்டாப்பைத் திறந்து இலைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். திரைக்கு மேலே நடுவில் இருந்த சின்ன வட்டத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். கேமரா என்றேன்.

"அப்ப அது கண்ணு. கண்ணு மேல வெக்கக் கூடாது."

கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, புருவத்துக்கு மேல் வைப்பதைப் போல அழுத்தி இரண்டு பொட்டு வைத்தார். அவ்வளவு கவனமாக அவர் வேறு எதற்கும் வைத்து நான் பார்த்ததில்லை. கண்ணில் படக் கூடாது என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார்.  என் வீட்டில் எவரும் அந்த லேப்டாப்பை ஒரு பொருட்டாக மதித்தது கிடையாது.

அதற்குப் பிறகு வந்த முதல் நேர்காணலிலேயே சனி பிடித்தது.

நான் தேடிய வேலைகள் எல்லாமே குரல் வேலைகள். வீட்டிலிருந்தே பேசலாம், ஆனால் பேச்சு சுத்தமாகக் கேட்க வேண்டும். நேர்காணலில் இயர்போன் போடக் கூடாது, பின்னாலிருந்து யாரோ பதில் சொல்லிக்கொடுப்பதாகச் சந்தேகப்படுவார்கள். லேப்டாப்பிலேயே இருக்கிற மைக்கில்தான் பேசியாக வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினேன். திரையில் இருந்த பெண் முகத்தைச் சுளித்தாள். "உங்க பக்கம் ஒரே இரைச்சலா இருக்கு. ஃபேனை நிறுத்த முடியுமா?" என்றாள். ஃபேன் ஓடவே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி அழைப்பை வெட்டிவிட்டாள்.

அதன் பிறகு என் குரலை நானே பதிவு செய்து கேட்டேன். வாணலியில் எண்ணெய் பொரிகிற சத்தம், அதற்கு அடியில் எங்கேயோ நான். ஒலி அளவைக் கூட்டினால் எண்ணெய்ச் சத்தம் கூடியது. குறைத்தால் நானே காணாமல் போனேன். இணையத்தில் தேடி, சொன்னதையெல்லாம் செய்தேன். மைக்கின் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டேன். இரைச்சலைக் குறைக்கும் வசதியைப் போட்டுப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேசினேன். போர்வைக்குள் புகுந்து பேசினேன். கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்த சல்லடைத் துளைகளைத்தான் மைக் என்று நினைத்துக்கொண்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தினமும் அதைத் துடைத்தேன். அது ஸ்பீக்கர் என்று பிறகுதான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். உள்ளே போர்டில் கோளாறு இருக்கும், விட்டுவிட்டுப் போங்கள், தீபக் கூட்டம் முடிந்துதான் பார்க்க முடியும் என்றார்கள். தீபம் முடிந்த பிறகு அந்த லேப்டாப் எனக்கு எதற்கு?

இது எதுவும் அக்காவுக்குப் புரியவில்லை, ஆனால் இரைச்சல் என்ற ஒன்று புரிந்தது. என்னை ஏதோ ஒரு சத்தம் அழிக்கப் பார்க்கிறது என்று அவர் முடிவு செய்துவிட்டார். அடுத்த நேர்காணல் என்றைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று காலையிலேயே தண்ணீர் ஏற்றி மோட்டாரை நிறுத்தினார். எதிர்வீட்டு அம்மாவிடம் போய், அவர் பேசிய பேச்சையெல்லாம் மறந்து, மிக்ஸியைப் பத்து மணிக்கு மேல் போட வேண்டாம் என்று கெஞ்சினார். தெருவில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தால் ஓடிப்போய் வாயில் விரலை வைத்துக் காட்டினார். எங்கள் பகுதியில் மயில் ஜாஸ்தி, குரங்கு அதைவிட ஜாஸ்தி. நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்த முகத்தோடு பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே மொட்டைமாடிச் சுவரோரம் அக்கா ஒரு துண்டைச் சுழற்றிச் சுழற்றி மயில்களை விரட்டிக்கொண்டிருப்பார். வாயைத் திறக்கவே மாட்டார். அந்தத் துண்டு காற்றில் வீசும் சத்தம்கூடக் கேட்காதபடி மெதுவாகச் சுழற்றுவார். மயில் என்றால் சாமி வாகனம், கும்பிட்டு விழுகிறவர் அவர். எனக்காகச் சாமி வாகனத்தைத் துண்டால் விரட்டினார்.

இவ்வளவும் செய்து, நேர்காணல் முடிந்ததும் மாடிப்படி அருகில் வந்து நிற்பார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

"கேக்கலையாமா?"

"இரைச்சலாம்கா."

"நான் ஒரு ஈ காக்காகூட விடலையே."

அடுத்த வெள்ளிக்கிழமை கிண்ணத்தோடு மாடிக்கு வருவார். "பழசு காஞ்சு போச்சு. புதுசா வெச்சிடட்டுமா?" என்பார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் அப்போது பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. அவர் பழைய பொட்டின் மேலேயே புதிய சந்தனத்தை வைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிடுவார். அடுத்த நேர்காணலில் இரைச்சல் இன்னும் மோசமாகும். நான் அழுவேன். அவர் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம் தாராளமாக வைப்பார்.

அவருடைய இந்தப் பழக்கத்தை முதலில் நான் வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் எனக்கு ஒரு பார்சல் கொடுக்க வந்த பையன், கொடுத்த வேகத்தில் வண்டியைக் கிளப்பினான். அக்கா வாசலில் குறுக்கே நின்று வண்டியை நிறுத்தினார். "இரு, வண்டிக்குப் பொட்டில்ல" என்றார். அவன் லேட்டாகிறது என்று பதறினான். அக்கா உள்ளே போய்க் கிண்ணத்தை எடுத்து வரும்வரை, பாவம், அவன் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே நின்றான். ஹெட்லைட்டுக்கு மேலே பொட்டு வைத்துவிட்டும் ஹேண்டில்பாரைக் கொஞ்ச நேரம் விடவில்லை. "லேட்டாப் போனா ஒண்ணும் ஆவாது. போவாத எடத்துக்குப் போனாதான் ஆவும்" என்றார். பையன் சிரித்துக்கொண்டே போனான். நான் சிரிக்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை அக்கா வாசலிலேயே நின்றார்.

காரணத்தைச் சொன்னது கார்த்திகை மாதம் பிறந்த பிறகு. கோயிலில் கொடியேற்றம் நெருங்கியிருந்தது, ஊருக்குள் ஸ்பெஷல் பஸ்கள் பற்றிப் பேச்சு தொடங்கியிருந்தது. எனக்கு இன்னும் ஒரே ஒரு நேர்காணல் பாக்கி. அம்மா அன்று காலையில் போன் செய்து, தீபத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், துணிமணியை எடுத்துக்கொண்டு வந்துவிடு என்றார். நான் போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் அந்தத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஊரிலிருந்து நான் கொண்டுவந்திருந்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று, இந்த மொபெட்டுக்கு மட்டும் ஏன் பொட்டு வைப்பதில்லை என்று கேட்டுவிட்டேன்.

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அது அவருது. அந்த வருசம் ஆயுத பூசைக்கு நான் வீட்டுக்குத் தூரம். இதோ இந்தக் கொல்லையிலதான் உக்காந்திருந்தேன். அவரே வண்டியக் கழுவினாரு, மாலை போட்டாரு, கற்பூரம் காட்டினாரு. பொட்டு மட்டும் வெக்கல. வருசா வருசம் நான்தான் வெப்பேன், நீயே குளிச்சிட்டு வந்து வெய்யின்னு சொன்னாரு. நான் தலைக்கு ஊத்திக்கிட்டு வந்த அன்னிக்குக் காலையில, சொசைட்டியில பால் ஊத்த அவசரம்னு கெளம்பிட்டாரு. செங்கம் ரோட்டுல பஸ்ஸு."

வேர்க்கடலைத் தோலை ஊதித் தள்ளினார்.

"எங்க மாமியாரு எழவு வீட்டுல எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு வார்த்த சொன்னாங்க. வண்டிக்கு ஒரு பொட்டுகூட வெக்காம அனுப்பினாளேன்னு. அதுக்கப்புறம் அவங்க எங்கிட்ட நல்லாத்தான் இருந்தாங்க. சாவற வரைக்கும் நான்தான் பாத்துக்கிட்டேன். ஆனா அந்த வார்த்தைய அவங்க திரும்ப வாங்கிக்கல. மறந்துட்டாங்கபோல. நான் எங்க மறக்கறது?"

 என்னுடைய ஒரு மாதத் துயரத்தை எடுத்துக்கொண்டு, எத்தனையோ வருடத்துத் துயரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். சிலிண்டருக்கும் மோட்டாருக்கும் அந்தப் பார்சல் பையனின் வண்டிக்கும் அவர் வைத்த பொட்டெல்லாம் என்ன என்று அப்போதுதான் புரிந்தது. ஒருமுறை விட்டுப்போனதை அவர் தினம் தினம் வைத்துக்கொண்டிருந்தார். எத்தனை வைத்தாலும் அந்த ஒன்று மட்டும் வைக்காததாகவே இருந்தது.

கடைசி நேர்காணல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஊர் நிறையத் தொடங்கிவிட்டது. செங்கம் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன, எங்கேயோ ஒரு ஒலிபெருக்கி யாரோ காணாமல் போன குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. இனி எந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதில் அர்த்தமே இல்லை என்று தோன்றியது. இருந்தாலும் காலையில் எழுந்து, ஜன்னலை மூடி, லேப்டாப்பின் முன் உட்கார்ந்து, பதிவை ஓடவிட்டு ஒரு ஆங்கிலப் பத்தியைச் சத்தமாக வாசித்தேன். பாதியில் அக்கா கதவைத் திறந்து கிண்ணத்தோடு வந்தார். நான் பேசுவதைப் பார்த்ததும், நிறுத்தாதே என்று கையால் சைகை காட்டினார். சத்தம் போடாமல் இருக்க அவர் இதற்குள் நன்றாகப் பழகியிருந்தார். கொலுசில்லாத கால்களைப் பூனை மாதிரி வைத்து நடந்துவந்து, நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து, கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்து அழுத்திவிட்டு, சத்தமில்லாமல் நகர்ந்து நின்றார்.

பதிவைத் திருப்பிப் போட்டேன். வழக்கம்போல எண்ணெய்ச் சத்தம், அதற்கு அடியில் நான். நடுவில் திடீரென்று கருங்கல்லைத் தரையில் இழுத்தது போல ஒரு சத்தம். சற்று நிற்கிறது. மறுபடியும் அதே இழுப்பு. பிறகு என் குரல் முன்பு இருந்ததைவிட இன்னும் உள்ளே போய்விடுகிறது.

"இது இன்னா சத்தம்?" என்றார் அக்கா.

 அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். என்னைவிட அவருக்குத்தான் முதலில் புரிந்தது. இரண்டு தடவை, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"இன்னொரு தடவ புடி" என்றார். நான் பதிவை ஓடவிட்டேன். அவர் அந்தப் பொட்டின் மேல் விரலை வைத்துத் தேய்த்தார். திருப்பிப் போட்டால், அதே கருங்கல்.

ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். கறுப்புச் சட்டத்தில் கறுப்பாகவே இருந்ததால் நான் ஒருநாளும் கவனிக்காத, குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை கேமராவுக்கு இந்தப் பக்கம். அதேபோல் ஒன்று அந்தப் பக்கம். இரண்டிலும் மஞ்சளாக அடைத்திருந்தது. மைக் அங்கேதான் இருந்தது. என் குரல் உள்ளே போக வழியில்லை. கிடைத்த கொஞ்சத்தை அந்த இயந்திரம் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, கூடவே தன் இரைச்சலையும் பெரிதாக்கியிருக்கிறது. ஊசியை விட்டுக் குத்தினால் உள்ளே கிழிந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். டேப்பை வெட்டி, துளையின் மேல் ஒட்டி அழுத்தி, மெதுவாக இழுத்தேன். டேப்பில் ஒரு மஞ்சள் புள்ளி வந்தது. இன்னொரு துண்டு, இன்னொரு புள்ளி. ஒவ்வொரு தடவையும் புள்ளி சின்னதாகிக்கொண்டே வந்து, கடைசியில் டேப் வெறுமையாக வந்தது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நேர்காணலுக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. பதிவை ஓடவிட்டுவிட்டு, என்ன பேசலாம் என்று யோசித்தபடி திரும்பினேன். அக்கா கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். கிண்ணம் மடியில் இருந்தது. முகம் ரத்தம் வற்றிப்போய் இருந்தது. தான் என் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்தோம் என்று உடைந்துவிட்டார் என நினைத்து, பரவாயில்லை அக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நினைத்தது அது இல்லை.

"ஏம்மா" என்றார். "நான் வெச்சதாலதான் இது கெட்டுது. அவ்ளோ பாத்துப் பாத்து வெச்சேன். வெச்சும் கெட்டுது."

"ஆமாக்கா, ஆனா..."

"அப்ப வெச்சா காப்பாத்தும், வெக்காட்டி போயிடும்னு ஒண்ணும் இல்லதானே?" கிண்ணத்தின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு அவர் குரல் எனக்குப் பழக்கமே இல்லாத குரலாக இருந்தது. "அன்னிக்கு நான் வண்டிக்கு வெக்காததால அவரு போவலதானே?"

எனக்கு என்ன தெரியும்? எதனால் யார் சாகிறார்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் இதை வேறு எவரிடமும் கேட்டதில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

"இல்லக்கா" என்றேன். "வெக்காததால போவல. பஸ்ஸு வந்துச்சு. போயிட்டாரு."

 நான் என்ன செய்வதென்று தெரியாமல் லேப்டாப் பக்கம் திரும்பினேன். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தித் திருப்பிப் போட்டேன். மைக் சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது, அது மட்டும்தான் காரணம்.

எண்ணெய்ச் சத்தம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம், தூரத்தில் ஒலிபெருக்கி, அக்கா மூச்சிழுத்துவிடுவது, கிண்ணம் தரையில் உரசுவது, எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. பிறகு அவர் குரல். வெச்சும் கெட்டுது. அவரு போவலதானே. பிறகு என் குரல், பக்கத்தில் நின்று பேசுவதைப் போல.

அக்கா எழுந்து வந்து, ஸ்பீக்கர் துளைகளுக்குக் கிட்டே காதைக் கொண்டுவந்தார்.

"நீ சொன்னத மட்டும் இன்னொரு தடவ போடு."

திரை மூலையில் நேரம் நகர்ந்துகொண்டிருந்தது. நான் அந்த இடத்தைத் தேடிப்பிடித்துப் போட்டேன். இல்லக்கா. வெக்காததால போவல. பஸ்ஸு வந்துச்சு. போயிட்டாரு.

"இன்னொரு தடவ."

போட்டேன். அவர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கிண்ணத்தை எடுத்தார். "நீ உன் வேலையப் பாரு. மயிலு வர நேரம்" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போனார். அன்று அவர் துண்டைச் சுழற்றியதை நான் ஜன்னலில் பார்க்கவில்லை. அவர் சுவரில் சாய்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மயில் நன்றாகவே கத்தியது. நேர்காணலில் எதிரில் இருந்தவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "உங்க வாய்ஸ் ரொம்ப க்ளியரா இருக்கு, மயிலும் க்ளியரா இருக்கு" என்றார்.

வேலை கிடைத்தது. தீபத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு தகவல் வந்தது. அம்மா ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்து, பிறகு பேசினார். அதையெல்லாம் விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை.

தீபத்தன்று சாயங்காலம் தெரு முழுக்க ஜனங்கள் மொட்டைமாடிகளில் ஏறி மலை உச்சியைப் பார்த்தபடி நின்றார்கள். அக்காவைக் காணவில்லை. தீபம் ஏற்றுகிற நேரத்தை அவர் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை என்று எதிர்வீட்டு அம்மாவே சொன்னார். நான் கீழே இறங்கி வீட்டுக்குப் பின்னால் போனேன்.

தார்ப்பாயை மடித்துத் துவைக்கிற கல்லின் மேல் வைத்திருந்தார். மொபெட்டை நன்றாகக் கழுவியிருந்தார், தரையெல்லாம் துரு கரைந்த தண்ணீர். ஹெட்லைட் உடைந்து வளைந்திருந்தது. அக்கா அதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு பழைய துணியால் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கிண்ணத்த எடுத்தாரட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

நான் உடைந்த ஹெட்லைட்டைப் பார்த்தேன்.

"துரு ஏறிக் கெடக்குதேன்னு தொடச்சேன்" என்றார்.

அப்போது மலை உச்சியில் தீபம் ஏறியிருக்க வேண்டும். ஊர் முழுக்க ஒரே குரலாக அரோகரா என்று எழும்பியது. அக்கா தலையைத் தூக்கி ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, துணியை மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீ போய்ப் பாரு. நான் இந்த ஒரு சக்கரத்த முடிச்சிட்டு வரேன்."